கார்டு கொடுத்திருக்கிறோமே!

பிளஸ் டூ முடிவு வருகிற வாரத்தில் எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் உள்ளே இன்னொரு பத்திரிகை இருக்கும். வழவழப்பான தாள். ‘என்ன படிக்கலாம்? எங்கே படிக்கலாம்?’ என்று தலைப்பு. மூன்றாம் பக்கத்தில் ‘ஊடகத் துறையில் ஒளிமயமான எதிர்காலம்’ என்று ஒரு கட்டுரை. எழுதியவர் ஒரு கல்லூரித் தாளாளர். நான்காம் பக்கத்தில் அதே தாளாளர் கோட் சூட்டில் கைகட்டி நின்று சிரிப்பார். அவர் காலடியில் கல்லூரியின் தொலைபேசி எண். இரண்டும் ஒரே ரசீதில் வந்தவை என்று எங்கும் போட்டிருக்காது. மனசாட்சி உள்ள பத்திரிகையாக இருந்தால் மூலையில் எறும்பு எழுத்தில் ‘விளம்பரதாரர் பகுதி’ என்று இருக்கும்.

இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் தம்பி, தங்கைகள் அந்த இரண்டு பக்கங்களையும் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருட விஸ்காம் படிப்பின் சாரம் அதில் இருக்கிறது. கட்டணம் வாங்குவது மீதிக்கு.

காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாகப் போடுவது ஏதோ கடைக்கோடிப் பத்திரிகைகளின் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 2009 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர்களுக்கு ரேட் கார்டு நீட்டிய பத்திரிகைகளைப் பற்றி விசாரிக்க இந்தியப் பத்திரிகை மன்றம் இரண்டு பேர் கொண்ட துணைக்குழுவை அமைத்தது. பரஞ்சய் குஹா தாகுர்தாவும் சீனிவாச ரெட்டியும் 71 பக்கத்துக்குப் பெயர் பெயராக எழுதிக் கொடுத்தார்கள். மன்றம் அதைப் படித்தது, பதறியது, பெயர்கள் இருந்த அறிக்கையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மற்றொன்றை 2010-இல் வெளியிட்டது. முழு அறிக்கையும் வெளியே வர 2011-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆணை போட வேண்டியிருந்தது. செய்தியை விற்றவர்களைப் பற்றிய செய்தியை, செய்தியைக் காக்க ஏற்படுத்திய மன்றமே மறைத்தது. இதைவிட நேர்த்தியான பாடத்திட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் வகுத்துவிடும்?

வகுப்பில் முதல் பருவத்திலேயே ஹெரால்ட் லாஸ்வெல் வருவார். 1948-இல் தொடர்பியலுக்கு ஐந்து கேள்விகளை வரைந்து கொடுத்த அமெரிக்கப் பேராசிரியர். யார் சொல்கிறார், என்ன சொல்கிறார், எந்த வழியாக, யாரிடம், என்ன விளைவோடு? பத்து மதிப்பெண் கேள்வி. படம் வரைந்து பாகம் குறித்தால் ஒன்பது நிச்சயம். தமிழ்நாட்டில் பத்து வருடம் குப்பை கொட்டிய எந்த நிருபரைக் கேட்டாலும் ஆறாவது கேள்வியைச் சொல்லிவிடுவார்: யார் காசில்? அதற்கு விடை தெரிந்தால் முதல் ஐந்தையும் கேட்க வேண்டியதே இல்லை. அது பாடத்தில் இல்லாததற்குக் காரணம், பல இடங்களில் கல்லூரிக்கும் சேனலுக்கும் ஒரே கல்லாப்பெட்டி.

பிறகு இன்டர்ன்ஷிப். ஒரு மாதமோ மூன்று மாதமோ செய்தி அறையில் ஓரமாக ஒரு நாற்காலி. நாற்காலி காலியாக இருந்தால். டிக்கரில் எழுத்துப்பிழை திருத்தலாம், கெஸ்ட்டைக் கீழே போய் அழைத்து வரலாம், மொழிபெயர்க்கலாம், இரவு ஷிப்டில் ஆள் வராத அன்று முழுச் செய்தி அறிக்கையையும் தயாரிக்கலாம். ஊதியம்? சான்றிதழ். கட்டட வேலைக்கு முதல் நாள் வருகிற சித்தாளுக்கும் சாயங்காலம் கூலியை எண்ணிக் கையில் வைக்கிறார் மேஸ்திரி. குறைந்தபட்சக் கூலி கிடைக்காத சித்தாள்களைப் பற்றி அரை மணி நேர நிகழ்ச்சி தயாரிக்கும் இடத்தில், அந்த நிகழ்ச்சியை எடிட் செய்தவன் பஸ்ஸுக்கு நண்பனிடம் கடன் வாங்குகிறான்.

‘நூறு சதவீத பிளேஸ்மென்ட்’ என்பது பொய்யில்லை. அந்த நூறில் கல்யாண வீட்டில் கேண்டிட் எடுப்பவரும் உண்டு, ஜவுளிக்கடைக்கு ரீல்ஸ் போடுபவரும் உண்டு, ஆஸ்பத்திரிக்கு ஃபேஸ்புக் பக்கம் நடத்துபவரும் உண்டு. கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளபடி பிழைத்தவர்கள் அவர்கள்தான். கல்யாண போட்டோகிராபர் முன்பணம் வாங்காமல் கேமராப் பையின் ஜிப்பைத் திறக்க மாட்டார். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று கிளம்பியவர்களுக்குத்தான் மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

சரி, செய்தித் துறைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறீர்கள். வேலை எப்படி உருவாகிறது என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள். பொருளாதாரம் படித்தவர்கள் முதலீடு, வளர்ச்சி, விளம்பரச் சந்தை என்று ஏதேதோ சொல்வார்கள். தமிழ்நாட்டில் ஊடக வேலைவாய்ப்பைப் பெருக்குவது கட்சி. அதிலும் கட்சிப் பிளவு. 1993 சித்திரை முதல் நாள் திமுக பக்கம் சன் டிவி வந்தது. எதிர்முகாம் சும்மா இருக்குமா, 1999-இல் ஜெயா டிவி. பாமகவுக்கு 2006-இல் மக்கள் தொலைக்காட்சி. தேமுதிகவுக்கு 2010-இல் கேப்டன் டிவி. ஒரு கல்விக் குழுமத் தலைவர் 2010-இல் கட்சி தொடங்கினார், குழுமம் 2011-இல் புதிய தலைமுறை தொலைக்காட்சி தொடங்கியது. 2007-இல் சன் டிவிக்குப் பின்னால் இருந்த குடும்பத்தில் மனஸ்தாபம் வந்தது; அதே ஆண்டு செப்டம்பரில் கலைஞர் டிவி பிறந்தது. 2017-இல் அதிமுக உடைந்தபோது ஜெயா டிவி ஒரு பக்கம் போய்விட்டது. ஆட்சி கையில் இருந்தும் மைக் கையில் இல்லாமல் நின்றவர்கள் பக்கம் 2018-இல் நியூஸ் ஜெ முளைத்தது.

ஒவ்வொரு உடைப்பிலும் கேமராமேன், எடிட்டர், கிராபிக்ஸ், செய்தி வாசிப்பாளர், ஓபி வேன் டிரைவர் என்று எத்தனையோ பேருக்கு அடுப்பு எரிந்திருக்கிறது. ஆகவே மாணவர்களே, பொதுக்குழுவில் நாற்காலி பறந்தால் ஜனநாயகம் என்ன ஆகுமோ என்று கவலைப்படாதீர்கள். பயோடேட்டாவைப் புதுப்பித்து வையுங்கள்.

நேர்காணலில் லாஸ்வெல்லைக் கேட்க மாட்டார்கள். “சொந்த ஊர் எது தம்பி?” என்பார்கள். ஊர்ப்பெயரில் விஷயம் பிடிபடாவிட்டால், “அந்த ஊர்ல எந்தத் தெரு?” தெருவிலும் பிடிபடாவிட்டால் அப்பா பெயர், குலதெய்வம் என்று போய்க்கொண்டே இருக்கும். புலனாய்வு இதழியலில் நம் ஆட்கள் காட்டுகிற விடாமுயற்சி முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் செலவாகிவிடுகிறது. 2019-இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து செய்தி நிறுவனங்களின் தலைமைப் பொறுப்புகளைக் கணக்கெடுத்தன. 121 நாற்காலிகள். அதில் 106 உயர்சாதியினர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பூஜ்யம். அது இந்தி, ஆங்கில ஊடகங்களை எடுத்துக்கொண்ட கணக்கு. சமூகநீதி மண்ணில் இயங்கும் நம் தமிழ் ஊடகம் அதில் சேரவில்லை, தப்பித்தது. பெரியார் பிறந்தநாள் சிறப்பு நிகழ்ச்சிக்கு அன்றைக்கு யார் பொறுப்பு என்பதைத் தெருப்பெயர் கேட்டு முடிவு செய்யும் ஆசிரியர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பிளவு வேலை கொடுக்கும் என்றேன். மதுரையில் அது வேறு ஒன்றையும் கொடுத்தது. 2007 மே மாதம், திமுகவில் அடுத்த வாரிசு யார் என்று சன் டிவிக் குடும்பத்தின் தினகரன் நாளிதழ் கருத்துக்கணிப்பு வெளியிட்டது. மே 9-ஆம் தேதி அதன் மதுரை அலுவலகத்துக்குள் கும்பல் புகுந்து பெட்ரோல் குண்டு வீசியது. இரண்டு கணினிப் பொறியாளர்களும் ஒரு காவலாளியும் செத்தார்கள். வாரிசு யார் என்று எழுதியவர்கள் அவர்கள் அல்ல. வாரிசாகப் போகிறவர்களும் அல்ல. ஷிப்டுக்கு வந்தவர்கள். 2008 டிசம்பரில் அந்தக் குடும்பம் ஒன்று சேர்ந்தது. படங்கள் வந்தன, எல்லோரும் சிரித்தார்கள். 2009 டிசம்பரில் கீழமை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது. 2019 மார்ச்சில்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. உறவு ஒட்டப் பத்தொன்பது மாதம். தண்டனை வரப் பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடமும் தமிழ்நாட்டின் ஸ்டூடியோக்களில் தினமும் இரவு எட்டு மணிக்கு நீதி, நேர்மை, கருத்துரிமை பற்றி விவாதம் நடந்தது. பணியாளர் பாதுகாப்பு என்ற தலைப்பில் ஒருநாளாவது எத்தனை சேனல் பேனல் போட்டது? கேட்டுப் பாருங்கள். விளம்பர இடைவேளை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஸ்டூடியோ வேண்டாம், ஃபீல்டுதான் என் கனவு என்கிறீர்களா? வாருங்கள். 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை சென்னை கிரீம்ஸ் சாலையில் 75 நாள் பெரும் பயிற்சி முகாம் நடந்தது. முதலமைச்சர் மருத்துவமனைக்குள்ளே, ஓபி வேன்கள் வெளியே. காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்று அறிக்கை வரும், அதை வாசிப்பார்கள். அமைச்சர் ஒருவர் வெளியே வந்து அம்மா நலமாக இருக்கிறார் என்பார், அதை வாசிப்பார்கள். உள்ளே போன யாராவது அவரைப் பார்த்தீர்களா என்று மடக்கிக் கேட்ட மைக்குகள் குறைவு. கேட்டிருந்தால் மறுநாள் அரசு கேபிளில் சேனல் எந்த எண்ணில் இருக்கும் என்ற கவலை முதலாளிக்கு. 2017 செப்டம்பரில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் மேடையேறி, முதல்வர் இட்லி சாப்பிட்டதாகச் சொன்னதெல்லாம் பொய், மன்னித்துவிடுங்கள் என்றார். பொய்யைச் சொன்னவராவது மன்னிப்புக் கேட்டார். அந்த இட்லியைப் பிரேக்கிங் தட்டில் வைத்து வீடு வீடாகப் பரிமாறியவர்கள் கை கழுவிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டார்கள்.

டிசம்பர் 5 மாலை இன்னும் சிறப்பு. அறிவிப்பு வருவதற்கு முன்பே சில சேனல்கள் மரணச் செய்தியை ஓட்டின. ராயப்பேட்டையில் கட்சி அலுவலகக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்தது. கொடி மறுபடி மேலே ஏறியது. அன்றிரவு பதினொன்றரைக்கு இறந்ததாக அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது. 75 நாள் வெயிலிலும் மழையிலும் அந்த வாசலில் நின்ற பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் காதில் மாட்டியிருந்த கருவிக்குள், குளிரூட்டப்பட்ட அறையில் இருந்து ஒருவர், “அவன் போட்டுட்டான், நீ ஏன் இன்னும் போடலை?” என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தக் குரலுக்குத்தான் துறையில் பதவி உயர்வு.

2019 அக்டோபர், தீபாவளி நேரம். மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. எண்பது மணி நேரத்துக்கு மேல் மீட்புப்பணி, முழுக்க முழுக்க நேரலை. பின்னணியில் வயலின். ஸ்டூடியோவில் கிராபிக்ஸ் குழிக்குள் கிராபிக்ஸ் குழந்தை. பெற்ற தாயின் முகத்துக்கு அரை அடி தூரத்தில் லோகோ வரிசை. மூடப்படாத ஆழ்துளைக் கிணறுகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறை வகுத்திருந்தது. அது நடைமுறைக்கு வந்ததா என்று கிணறு கிணறாகப் போய்ப் பார்க்க அதற்கு முந்தைய ஒன்பது வருடத்தில் எவருக்கும் ஓபி வேன் கிடைக்கவில்லை. அதே நேரத்தில் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் பெற்றோர் இந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்களின் இரண்டு வயது மகள் குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தாள். அதுவும் செய்தியானது. அதற்கும் வயலின் இருந்தது.

இதெல்லாம் மக்கள் கேட்கிறார்கள், அதனால் கொடுக்கிறோம் என்று ஒரு பல்லவி உண்டு. இருபது கோடிக்கு மேல் டிவி வீடுகள் உள்ள நாட்டில் 2020-இல் மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று அளந்த மீட்டர்கள் சுமார் 44,000 வீடுகளில் இருந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் மும்பை போலீஸ் அதிலும் தில்லுமுல்லு என்று வழக்குப் போட, செய்தி சேனல்களுக்கான மதிப்பீட்டையே நிறுத்தி வைத்தார்கள். 2022 மார்ச்சில்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை வருடம் மக்கள் எதைக் கேட்கிறார்கள் என்றே தெரியாத நிலையிலும் அதே கூச்சல்தான் இருந்தது. ஆக, மக்கள் மேல் பழி போட வேண்டாம்.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2018 ஏப்ரலில் ராஜ்பவன் செய்தியாளர் சந்திப்பில் கேள்வி கேட்ட பெண் செய்தியாளரின் கன்னத்தில் அன்றைய ஆளுநர் தட்டினார். பேத்தி மாதிரி என்று விளக்கம் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். ஆண் நிருபர் ஒருவரைப் பேரன் மாதிரி நினைத்து எந்த ஆளுநரும் கன்னத்தில் தட்டி நான் பார்த்ததில்லை. அந்த வாரமே நடிகரும் அரசியல்வாதியுமான எஸ்.வி. சேகர், பெண் செய்தியாளர்கள் எப்படி வேலைக்கு வருகிறார்கள் என்று நாக்கூசும் பதிவு ஒன்றைத் தன் பக்கத்தில் போட்டார். 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்துத் தீர்ப்பு வந்தது. இடைப்பட்ட வருடங்களில் அவர் எத்தனை ஸ்டூடியோக்களில் ‘சிறப்பு விருந்தினர்’ நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதை அந்தந்தச் சேனலின் பெண் ஊழியர்களிடம் கேளுங்கள். மைக் மாட்டிவிட்டவர்கள் அவர்கள்தானே.

இதுவரை சொன்னதெல்லாம் சென்னை வாழ்க்கை. மாதச் சம்பளம் என்ற ஒன்று, தாமதமாகவாவது, வங்கியில் விழுகிற கொடுத்துவைத்தவர்களின் கதை. அந்த ஜாதகம் எல்லோருக்கும் இல்லை. பெரும்பாலோர் போய்ச் சேருவது தாலுகா நிருபர் பதவியில். பகுதிநேர நிருபர், ஏரியா ரிப்போர்ட்டர், ஸ்ட்ரிங்கர் என்று அதற்குச் சகஸ்ரநாமம். நியமன உத்தரவு கிடையாது. வைப்புநிதி கிடையாது. ஒரு அட்டை உண்டு. கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடா உண்டு. தொலைக்காட்சி என்றால் மைக்குக்கு ஒரு லோகோ. சில சின்னச் சேனல்களில் அந்த லோகோவுக்கு நிருபரே டெபாசிட் கட்ட வேண்டும். வேலைக்குச் சேரப் பணம் கட்டி, வேலை செய்யப் பெட்ரோல் போட்டு, கேமராவும் லேப்டாப்பும் தன் கைக்காசில் வாங்கி, விபத்து நடந்த இடத்துக்கு ஆம்புலன்ஸுக்கு முன்னால் போய் நிற்கிற ஒரு ஜீவன். செய்தி ஒளிபரப்பானால் ஒரு தொகை. போய் வந்த பெட்ரோலுக்குப் போக மிச்சம் இருந்தால் டீ குடிக்கலாம். பன் சேர்த்தால் இடிக்கும்.

மாவட்டத் தலைநகரில் கூட்டம் நடக்கும். தைரியமான ஒருவர் எழுந்து கேட்பார்.

“சார், மாசம் ஒரு தொகைன்னு ஏதாவது பண்ணிக் கொடுத்தா…”

“என்னப்பா இப்படிக் கேட்கிறே? அதான் கார்டு கொடுத்திருக்கோமே!”

இந்த ஒரு வரியைத் தமிழ்நாட்டுப் பத்திரிகை முதலாளிகள் எந்தச் சாசனத்திலும் எழுதியதில்லை. ஆனால் எந்தத் தாலுகாவிலும் தெரியாதவர் இல்லை. அட்டையை வைத்துப் பிழைத்துக்கொள் என்று பொருள். எப்படிப் பிழைப்பது என்பதை நீயே பார்த்துக்கொள், எங்களுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் நடவடிக்கை எடுப்போம் என்றும் பொருள். முதலாளி கொடுக்க வேண்டிய சம்பளத்தை மணல் லாரிக்காரரும், ஸ்கேன் சென்டர்காரரும், ஒன்றியச் செயலாளரும், பார் எடுத்தவரும் சேர்ந்து தவணை முறையில் கட்டுகிறார்கள். பிரஸ் மீட் முடிந்ததும் கைக்கு வரும் கவரில் இருப்பது அந்தத் தவணை. பிறகு ஆற்றில் மணல் அள்ளுவது பற்றிச் செய்தி ஏன் வருவதில்லை என்று ஊரே டீக்கடையில் உட்கார்ந்து கேட்கிறது. ஊருக்கு, எதிரே வண்டியில் ‘பிரஸ்’ என்று ஒட்டிக்கொண்டு போகிறவன் திருடன். அவனை அந்த வண்டியில் ஏற்றி அனுப்பியவர் சென்னையில் பத்திரிகை தர்மம் பற்றிப் பொன்விழா மலருக்கு முன்னுரை எழுதிக்கொண்டிருக்கிறார்.

கவர் வாங்காத தாலுகா நிருபர் இல்லையா? இருக்கிறார்கள். பெரும்பாலும் எல்ஐசி ஏஜென்டாகவோ, ஜெராக்ஸ் கடை வைத்தோ, மனைவியின் ஆசிரியர் சம்பளத்திலோ தங்கள் நேர்மையை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு விதமான பரிசு காத்திருக்கும். 2024 ஜனவரி 24 அன்று பல்லடம் பகுதித் தொலைக்காட்சி நிருபர் ஒருவரை ஆட்கள் நோட்டமிட்டார்கள். அவர் காவல்துறைக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்து பாதுகாப்புக் கேட்டார். அந்த உரையாடல்களின் பதிவு பிற்பாடு ஊரெல்லாம் ஓடியது. போன் செய்தபடியே இருந்தவரை அன்றிரவு அரிவாளால் வெட்டினார்கள். சென்னையில் கண்டன ஆர்ப்பாட்டம் நடந்தது. ஆர்ப்பாட்டத்துக்கு எல்லாச் சேனல் லோகோவும் வந்திருந்தது. வேண்டியிருந்தது ஒரு ரோந்து வண்டி.

எதிர்த்து எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் நமக்கு நல்ல மரபு இருக்கிறது. 1987-இல் ஒரு அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காகச் சட்டமன்றம் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழ, சில நாளில் விட்டார்கள். 2025 பிப்ரவரியில் பிரதமரைக் கைவிலங்கோடு வரைந்த கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. படத்தை எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்று மார்ச் மாதம் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. முப்பத்தெட்டு வருடத்தில் வளர்ச்சி இல்லை என்று யார் சொன்னது? அன்று ஆசிரியரைத் தேடி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இன்று டெல்லியில் இருந்தபடியே சுவிட்சை அணைக்கலாம்.

சம்பளத்துக்கு வருகிறேன். மற்றவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் கைகள் இதில் மட்டும் நடுங்கும். பத்திரிகை ஊழியர்களுக்கென்று 1955-இல் தனிச் சட்டம் வந்தது. வேலை நேரம், பணிக்கொடை, ஊதியக் குழு எல்லாம் அதில் இருந்தன. தொலைக்காட்சிக்காரர்கள் அதில் அடங்கவில்லை. 1955-இல் இல்லாத பிறவிகள் அவர்கள். 2007-இல் அமைத்த மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை மத்திய அரசு 2011 நவம்பரில் அறிவித்தது. முதலாளிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2014 பிப்ரவரி 7 அன்று தோற்றார்கள். ஆனால் பரிந்துரையில் 20(ஜே) என்று ஒரு பத்தி இருந்தது. பழைய சம்பளமே போதும் என்று நினைக்கும் ஊழியர் எழுதிக் கொடுத்து அதிலேயே தொடரலாம் என்ற சலுகை. உடனே நாடெங்கும் ஒரு அதிசயம் நிகழ்ந்தது. பத்திரிகை ஊழியர்கள் வரிசையாக வந்து, ‘எங்களுக்கு உயர்ந்த ஊதியம் வேண்டாம், இருக்கிறதே அமிர்தம்’ என்று கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் ஒரே வாசகத்தில், ஒரே தாளில், ஒரே வாரத்தில். கேட்ட சம்பளத்தைக் கொடு என்று போராடிய தொழிலாளி உலகெங்கும் உண்டு. கொடுக்காதே என்று மனுப் போட்ட தொழிலாளியை இந்தியப் பத்திரிகை முதலாளிதான் கண்டுபிடித்தார்.

தாள் நீட்டியபோது பேனாவை எடுக்காதவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் துறையில் தெரிந்ததுதான். சென்னையில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்கு வடகிழக்கில் பணியிட மாற்றம். ஊழியர்கள் நீதிமன்ற அவமதிப்பு என்று வழக்குப் போட்டார்கள். 2017 ஜூன் 19 தீர்ப்பில், ஊழியருக்கு ஊதியம் உண்டு, ஆனால் முதலாளிகள் வேண்டுமென்று மீறியதாகச் சொல்ல முடியாது, பாக்கியைத் தொழிலாளர் துறையிடம் போய்க் கேளுங்கள் என்று நீதிமன்றம் அனுப்பி வைத்தது. போய்க் கேட்டார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 1955 சட்டத்தையே விழுங்கியது. மஜீதியாவுக்குப் பிறகு இன்னொரு ஊதியக் குழு வரவில்லை. ஆசிரியர், அரசு ஊழியர்களின் ஜாக்டோ ஜியோ போராட்டம் என்றால் எட்டுப் பத்தித் தலைப்பு, போக்குவரத்து ஊழியர் வேலைநிறுத்தம் என்றால் நேரலை. தன் தொழிலின் சட்டம் செத்ததற்கு எத்தனை பத்திரிகை இரங்கல் குறிப்பாவது போட்டது?

எனக்குக் கோபம் அரசாங்கங்களின் மேல் அவ்வளவு இல்லை. கழுத்தைப் பிடிப்பது அவற்றின் வேலை, செய்கின்றன. கோபம், காலை எட்டு மணிக்கு அடுத்தவன் உரிமைக்காக மேசையைத் தட்டிவிட்டு, பத்து மணிக்கு மனிதவளத் துறை நீட்டிய தாளில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டு, பதினொரு மணிக்கு அதே தாளை ஜூனியர்களிடம் கொண்டுபோய் “போட்டுடுப்பா, எதுக்கு வம்பு” என்று சொன்ன மூத்த ஆசிரியர்களின் மேல். அவர்களில் சிலர் இப்போது இதழியல் கல்லூரிகளில் நெறிமுறைப் பாடம் எடுக்கிறார்கள். சிலர் கட்சிகளுக்கு ஊடக ஆலோசகர். சிலர் யூடியூபில் சொந்தக் கடை போட்டு, ‘அதிர்ச்சியில் டெல்லி, ஆட்டம் ஆரம்பம்’ என்று வாயைப் பிளந்த படத்தோடு தினம் மூன்று வீடியோ. இருபது வருடம் பேச முடியாததை எல்லாம் பேசிவிடுவார்கள் என்று ஆவலோடு உட்கார்ந்தால் மிளகாய்த்தூள் விளம்பரத்துக்குப் பிறகு ஜாதகம் பார்க்கிறார்கள்.

இப்படியாக உருவாகும் ஆள் எப்படி இருப்பார் என்று தெரிந்துகொள்ள ஏப்ரல் மாதக் கடைசியில் ஏதாவது ஒரு மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். மே தினச் சிறப்பிதழ் தயாராகிக்கொண்டிருக்கும். தாலுகாவுக்கு இவ்வளவு என்று விளம்பர டார்கெட் பிரித்துக் கொடுப்பார்கள். முதல் பக்கத்தில் உழைப்பின் மகத்துவம் பற்றி நிர்வாக இயக்குநரின் செய்தி, சுத்தியல் பிடித்த முஷ்டி, செம்பருத்தி நிறத்தில் பின்னணி. எங்கள் பக்கத்து நூற்பாலை ஒன்றிடம் அரைப்பக்கம் வாங்கி வரும் பொறுப்பு ஒரு தாலுகா நிருபருக்கு வந்தது. அந்த ஆலை முந்தின வாரம்தான் சங்கம் வைத்த பெண் தொழிலாளர்களைக் கேட்டுக்கு வெளியே தள்ளியிருந்தது. அந்தச் செய்தியை எழுதி அனுப்பியவரும் அவரேதான். வரவில்லை. அவர் போய் விளம்பரத்தைக் கேட்டார்.

“போன வாரம் என்னமோ எழுதி அனுப்பினீங்களாமே தம்பி?” என்றார் மேலாளர், காசோலையில் தேதி போட்டபடி.

“அது வராது சார்.”

“தெரியும். உங்க எம்.டி. அன்னைக்கே போன்ல சொல்லிட்டார். வாசகம் என்ன போடப் போறீங்க?”

“தொழிலாளர் தோழர்களுக்கு மே தின வாழ்த்துகள்னு எழுதி வெச்சிருக்கேன் சார்.”

“தோழர் வேண்டாம்” என்றார் மேலாளர்.

நிருபர் அடித்துவிட்டு, ‘பெருமக்கள்’ என்று மாற்றினார்.